தி கிளாஷ்: எழுந்த விதம், உடைந்த விதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1976இல் லண்டனில் தொடங்கி 1986 தொடக்கத்தில் கலைந்துபோன பங்க் (வேகமும் கோபமும் கொண்ட எளிய ராக்) இசைக்குழு தி கிளாஷ். அதன் பாட்டுகளைப் புதிதாகக் கேட்க வருபவர்கள், பழைய இசைத்தட்டு தேடுபவர்கள், கிட்டாரில் அந்த ஒலியைக் கொண்டுவர முயல்பவர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

குழுவில் யார் யார் இருந்தார்கள்?

பாட்டும் ரிதம் கிட்டாரும் ஜோ ஸ்ட்ரம்மர். லீட் கிட்டாரும் பாட்டும் மிக் ஜோன்ஸ். பாஸ் கிட்டார் பால் சிமனன். டிரம்ஸ் டாப்பர் ஹெடன். 'தி கிளாஷ்' என்றதும் நினைவுக்கு வரும் இந்த நால்வரும் சேர்ந்து இருந்தது 1977 ஏப்ரல் முதல் 1982 மே வரை, ஐந்தே ஆண்டுகள். முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் டெரி சைம்ஸ். அவர் விலகப்போகிறார் என்று தெரிந்ததால், அந்த ஆல்பத்தின் உறையில் அவர் பெயரை 'டோரி கிரைம்ஸ்' என்று போட்டுக் கிண்டலடித்தார்கள். மிக ஆரம்பத்தில் கீத் லெவீன் என்ற மூன்றாவது கிட்டார் கலைஞரும் இருந்தார். 1976 செப்டம்பரிலேயே அவர் வெளியேற்றப்பட்டார்.

யார் எதைச் செய்தார் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரிகளில் பெரும்பகுதி ஸ்ட்ரம்மருடையது. மெட்டும் இசைக்கோர்ப்பும் ஜோன்ஸ். உடை, மேடைத் தோற்றம், ஜமைக்காவின் ரெகே இசை மீதான ரசனை சிமனன். தாளம் ஹெடன். பிறகு ஒவ்வொருவராக வெளியேறியபோது எது காணாமல் போனது என்பது இசைத்தட்டிலேயே கேட்கும்.

இவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள்?

மூன்று ஓடைகள் கலந்த கதை இது. மிக் ஜோன்ஸ் 1975இல் 'லண்டன் எஸ்.எஸ்.' என்ற குழுவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அது ஒத்திகையைத் தாண்டவில்லை, ஒரு கச்சேரிகூட நடக்கவில்லை. ஆனால் அதற்காக வந்துபோனவர்களில் பலர் பிறகு லண்டன் பங்க் குழுக்களில் இடம்பிடித்தார்கள். அந்தத் தேடலில்தான் ஜோன்ஸ், சிமனனைச் சந்தித்தார்.

இரண்டாவது, ஸ்ட்ரம்மர். இயற்பெயர் ஜான் மெல்லர். தந்தை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அதிகாரி, மகன் பிறந்தது துருக்கியின் அங்காராவில். 1976இல் அவர் 'தி 101'எர்ஸ்' என்ற பப் ராக் (மதுவிடுதிகளில் வாசிக்கும் ராக்) குழுவின் பாடகர். மேடா வேல் பகுதியில் வால்டர்டன் சாலையில் ஆளில்லாத வீடு ஒன்றில் குடியேறி வாழ்ந்தார்கள். அந்த வீட்டின் கதவு எண் 101, குழுவின் பெயர் அதிலிருந்து வந்தது. 1976 ஏப்ரலில் அவர்கள் கச்சேரியில் முதலில் வாசிக்க வந்தது செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு. தன் குழுவின் காலம் முடிந்துவிட்டது என்று ஸ்ட்ரம்மருக்கு அன்றே புரிந்துவிட்டது.

மூன்றாவது, பெர்னி ரோட்ஸ். செக்ஸ் பிஸ்டல்ஸ் மேனேஜர் மால்கம் மெக்லாரனின் கூட்டாளி. தனக்கென ஒரு குழு வேண்டும் என்று அலைந்தவர், ஜோன்ஸ் பக்கம் ஸ்ட்ரம்மரைக் கொண்டுவந்து சேர்த்தார். பெயர் வைத்தது சிமனன். செய்தித்தாள் தலைப்புகளில் 'கிளாஷ்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் பட்டதுதான் காரணம். 1976 ஜூலை 4, ஷெஃபீல்டு நகரின் பிளாக் ஸ்வான் விடுதியில், செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு முன்னால் முதல் கச்சேரி.

சிமனனுக்கு பாஸ் வாசிக்கவே தெரியாது என்பது உண்மையா?

உண்மைதான். அவர் ஓவியக் கல்லூரி மாணவர். ஜோன்ஸ் சொல்லிக்கொடுத்தார். எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று பாஸின் கழுத்துப் பலகையில் எழுத்துகளைப் பெயிண்டில் எழுதிவைத்துக்கொண்டு மேடை ஏறினார். ரெகே தட்டுகளைப் போட்டு அவற்றோடு கூடவே வாசித்துப் பழகினார். ரெகேயில் பாஸ்தான் முன்னால் நிற்கும், கிட்டார் ஓரமாக இருக்கும். தொடக்கக்காரர் ஒருவர் பாஸ் கற்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சுரங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்பது தெளிவாகக் கேட்கும். 1979க்குள் 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' பாட்டைத் தானே எழுதித் தானே பாடும் அளவுக்கு வந்துவிட்டார்.

முதல் ஆல்பம் எவ்வளவு செலவில் பதிவானது?

சுமார் 4,000 பவுண்ட். 1977 பிப்ரவரியில் மூன்று வார இறுதிகள், ஒவ்வொன்றும் வியாழன் முதல் ஞாயிறு வரை. இடம், லண்டன் விட்ஃபீல்டு தெருவில், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான சி.பி.எஸ்.ஸின் ஸ்டுடியோ. ஏப்ரல் 8 அன்று வெளிவந்து, பிரிட்டிஷ் பட்டியலில் 12ஆம் இடம் பிடித்தது. உறைப்படத்தில் மூன்று பேர்தான் இருப்பார்கள், டெரி சைம்ஸ் இல்லை. பின்னட்டையில் 1976 ஆகஸ்ட் நாட்டிங் ஹில் திருவிழாக் கலவரத்தில் போலீஸ் பாய்ந்துவரும் படம். ஸ்ட்ரம்மரும் சிமனனும் அந்தக் கலவரத்தின் நடுவில் இருந்தவர்கள். 'வைட் ரயட்' பாட்டு அதிலிருந்து பிறந்தது. கறுப்பின இளைஞர்கள் எதிர்த்து நிற்பதைப் பார்த்து, வெள்ளை இளைஞர்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்கும் பாட்டு அது. தலைப்பை மட்டும் பார்த்து இனவெறிப் பாட்டு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. சந்தேகம் இருந்தால் 1978 ஏப்ரல் 30 நிகழ்ச்சியைப் பாருங்கள். இனவெறிக்கு எதிராக டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்கா வரை பெரும் ஊர்வலம் போனது. அதன் முடிவில் மேடை ஏறிய குழுக்களில் தி கிளாஷும் ஒன்று.

பழைய தட்டுக் கடையில் முதல் ஆல்பம் இரண்டு விதமாகக் கிடைக்கிறதே, எது சரி?

இரண்டும் அசல்தான், ஆனால் வேறு வேறு ஆல்பங்கள் என்றே சொல்லலாம். ஒலித்தரம் போதாது என்று அமெரிக்க சி.பி.எஸ். இதை வெளியிட மறுத்தது. பிரிட்டனிலிருந்து இறக்குமதியான பிரதிகளே அங்கே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றன. அதற்குப் பிறகுதான், 1979 ஜூலையில், அமெரிக்கப் பதிப்பு வந்தது.

பிரித்தறிய எளிய வழி: முதல் பாட்டைப் பாருங்கள். 'ஜேனி ஜோன்ஸ்' என்றால் பிரிட்டிஷ் பதிப்பு, 14 பாட்டுகள். 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்' என்றால் அமெரிக்கப் பதிப்பு, 15 பாட்டுகள். அமெரிக்கப் பதிப்பில் 'டினை', 'சீட்', 'புரோடெக்ஸ் புளூ', '48 ஹவர்ஸ்' நான்கும் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக 'கம்ப்ளீட் கண்ட்ரோல்', 'ஐ ஃபாட் தி லா' போன்ற தனித்தட்டுப் (சிங்கிள்) பாட்டுகள் இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிரிட்டிஷ் பதிப்பை வாங்குங்கள். அமெரிக்கப் பதிப்பில் தனித்தனிப் பாட்டுகள் வலுவானவை, ஆனால் 1977க்கும் 1979க்கும் இடையில் குழு எவ்வளவு வளர்ந்தது என்பது அதில் குழம்பிப்போகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு டிரம்மர்கள் மாறி மாறி வருவார்கள்.

சி.பி.எஸ். ஒப்பந்தத்தில் அப்படி என்ன கோளாறு?

1977 ஜனவரியில் கையெழுத்து. முன்பணம் ஒரு லட்சம் பவுண்ட். பங்க் இதழ் நடத்திய மார்க் பெர்ரி, கிளாஷ் சி.பி.எஸ்.ஸில் கையெழுத்திட்ட அன்றே பங்க் செத்துவிட்டது என்றார். அந்தக் கோபம் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் குழுவை வாட்டியது அந்த விமர்சனத்தைவிட, ஒப்பந்தத்தின் கணக்கு.

முன்பணம் என்பது பரிசில்லை, கடன். விற்பனையில் வரும் ராயல்டியிலிருந்து நிறுவனம் அதை முதலில் கழித்துக்கொள்ளும். ஒலிப்பதிவுச் செலவும் குழுவின் தலையில்தான் ஏறும். சுற்றுப்பயணத்துக்குத் தனி உதவித்தொகை கிடையாது. ஆகவே வண்டி, ஒலிபெருக்கி, விடுதி, உடன்வரும் குழுக்களின் செலவு எல்லாம் அந்த ஒரு லட்சத்திலிருந்தே போகும். 1977 மே மாதச் சுற்றுப்பயணத்தில் ரெயின்போ அரங்கில் ரசிகர்கள் உற்சாகத்தில் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்த மாதிரி நஷ்டமும் சேர்ந்துகொண்டது. நான்கே மாதத்தில் பணம் கரைவது கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொரு அடி, அதிகாரம் யாரிடம் என்பது. குழுவைக் கேட்காமலே 'ரிமோட் கண்ட்ரோல்' பாட்டை நிறுவனம் தனித்தட்டாக வெளியிட்டது. அதற்குப் பதிலடியாக எழுதியதுதான் 'கம்ப்ளீட் கண்ட்ரோல்', 1977 செப்டம்பர். தன்னைத் திட்டும் பாட்டை அதே நிறுவனமே விற்றது.

பங்க் குழு ரெகே வாசித்தது எப்படி எடுபட்டது?

முதல் ஆல்பத்தில் ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாட்டைத் தைரியமாக எடுத்து ஆறு நிமிடத்துக்கு வாசித்தார்கள். ரெகேயில் கிட்டார் வழக்கமாக அடிக்கு எதிரடியில் மட்டும் வெட்டும். மற்ற குழுவாக இருந்தால் இரண்டு கிட்டாரையும் எதிரடியில் போட்டு ஜமைக்கா போலவே ஒலிக்கப் பார்த்திருக்கும். ஜோன்ஸ் அமைத்தது வேறு: ஒரு கிட்டார் அடியில், இன்னொன்று எதிரடியில். அதனால் பாட்டு ராக்காகவும் ரெகேயாகவும் ஒரே நேரத்தில் நடந்தது. ஜோன்ஸின் இசைக்கோர்ப்புத் திறமையை ஒரே இடத்தில் காட்டு என்றால் இதைத்தான் காட்ட வேண்டும். இந்தப் பதிவைக் கேட்ட பிறகு, அசல் பாட்டின் தயாரிப்பாளரான ஜமைக்காவின் லீ பெர்ரியே 'கம்ப்ளீட் கண்ட்ரோல்' பதிவுக்கு வந்தார்.

டாப்பர் ஹெடன் வந்ததும் என்ன மாறியது?

எல்லாமே. டெரி சைம்ஸ் நல்ல ராக் டிரம்மர், ஆனால் ஒரே ஓட்டம். அவர் விலகியதும் 200க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்துத்தான் ஹெடனை எடுத்தார்கள். ஜாஸ், சோல், ஃபங்க் என எதையும் வாசிப்பார். இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்த அமெரிக்கர் சாண்டி பேர்ல்மன், அவருடைய நேரக் கச்சிதத்தைப் பார்த்து 'மனித டிரம் மெஷின்' என்றார்.

ஸ்ட்ரம்மரும் ஜோன்ஸும் எந்தத் திசையில் யோசித்தாலும் அதற்குக் கீழே தாளம் போட ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் விஷயம். ராக்கபில்லி, ஸ்கா, கலிப்ஸோ, டிஸ்கோ, ராப் என்று அவர்கள் தாவிய ஒவ்வொரு தாவலும் ஹெடன் இல்லாமல் நடந்திருக்காது.

'லண்டன் காலிங்' ஆல்பம் எப்படி உருவானது?

1979 தொடக்கத்தில் நிலைமை மோசம். மேனேஜராக இருந்த பெர்னி ரோட்ஸை 1978 அக்டோபரில் விலக்கியிருந்தார்கள். கடன் ஏறியிருந்தது. ஒத்திகை இடமும் ரோட்ஸோடு போய்விட்டது. பிம்லிகோவில் ஒரு கார் பழுதுபார்க்கும் கூடத்தின் பின்னால் இருந்த வனில்லா என்ற இடத்தைப் பிடித்து, மாதக்கணக்கில் தினமும் வாசித்தார்கள். பிறர் பாட்டுகளை வாசித்துக் கை பழக்கி, அதிலிருந்து புதுப் பாட்டுக்குப் போவது முறை. மாலையில் எதிரே உள்ள மைதானத்தில் கால்பந்து.

ஆகஸ்டில் ஹைபரியில் இருந்த வெஸெக்ஸ் ஸ்டுடியோவுக்குப் போனபோது பாட்டுகள் விரல் நுனியில் இருந்தன. தயாரிப்பாளர் கய் ஸ்டீவன்ஸ். வாசிக்கும்போதே நாற்காலியைத் தூக்கி எறிவார், ஏணியை ஆட்டுவார், பியானோவுக்குள் பீரை ஊற்றினார். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும், ஆனால் அவருக்கு வேண்டியது முதல் முறை வாசிப்பில் இருக்கும் சூடு. தவறு இருந்தாலும் பரவாயில்லை, திரும்ப வாசிக்காதே என்பதுதான் அவர் கட்சி. ஒலியைக் கட்டுக்குள் வைத்தவர் பொறியாளர் பில் பிரைஸ். ஒருவர் கொளுத்த, ஒருவர் அடுப்பைக் கவனித்த ஏற்பாடு அது.

தலைப்புப் பாட்டின் முடிவில் டிக் டிக் என்று வருவது ஜோன்ஸ் கிட்டாரில் தட்டிய மோர்ஸ் சமிக்ஞை, எஸ்.ஓ.எஸ். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்த ஆண்டு 1979. தேம்ஸ் பெருக்கெடுத்தால் லண்டன் மூழ்கும் என்ற பயமும் அப்போது பேச்சில் இருந்தது. இரண்டும் பாட்டுக்குள் வந்துவிட்டன.

இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டு விலைக்கு எப்படி விற்றார்கள்?

'லண்டன் காலிங்' இரட்டை ஆல்பமாக வேண்டும் என்று குழு கேட்டது, நிறுவனம் மறுத்தது. சரி, ஒற்றை ஆல்பத்தோடு இலவசமாக ஒரு தனித்தட்டு தரலாமா என்று கேட்டார்கள். சம்மதம். அது 12 அங்குலத் தட்டாக இருக்கலாமா? அதற்கும் சம்மதம். அந்த 12 அங்குலத் தட்டில் ஒன்பது பாட்டுகள் ஏறிவிட்டன. மொத்தம் 19 பாட்டுகள், சுமார் 5 பவுண்ட் விலை. 1979 டிசம்பர் 14 அன்று பிரிட்டனில் வெளியீடு.

கடைசிப் பாட்டான 'டிரெய்ன் இன் வெய்ன்' முதல் பதிப்பின் உறையில் அச்சாகவில்லை. இசை வார இதழான என்.எம்.இ.யோடு இலவசமாகத் தருவதற்காகப் பதிவுசெய்த பாட்டு அது. அந்த ஏற்பாடு நடக்காமல் போகவே, உறை அச்சான பிறகு ஆல்பத்தின் கடைசியில் சேர்த்தார்கள். மறைத்துவைக்கப்பட்ட புதிர்ப் பாட்டு என்றெல்லாம் சொல்வது பின்னால் கட்டிய கதை. அமெரிக்காவில் முதல் 30 இடங்களுக்குள் நுழைந்த அவர்களின் முதல் பாட்டும் அதுதான்.

'லண்டன் காலிங்' உறையில் பாஸை உடைப்பவர் யார்? ஏன் உடைத்தார்?

சிமனன். 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம் அரங்கம். இருக்கைகள் தரையோடு பொருத்தப்பட்டவை, எழுந்து ஆட காவலர்கள் விடவில்லை. கூட்டம் உயிரில்லாமல் இருந்த எரிச்சலில் உடைத்தார். படம் எடுத்தவர் பென்னி ஸ்மித். படம் தெளிவாக இல்லை, போடாதீர்கள் என்று அவரே தடுத்துப் பார்த்தார். ஸ்ட்ரம்மரும் வடிவமைப்பாளர் ரே லோரியும் கேட்கவில்லை. இளஞ்சிவப்பும் பச்சையுமான எழுத்தமைப்பு 1956இல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்துக்குச் செய்த மரியாதை.

'சாண்டினிஸ்டா' ஆல்பம் மூன்று தட்டுகளா? அதில் நஷ்டம் யாருக்கு?

மூன்று தட்டு, ஆறு பக்கம், 36 பாட்டு. 1980 டிசம்பர். விலை 5.99 பவுண்ட். இந்த முறை தந்திரம் செல்லவில்லை, பேரம்தான். விலையைக் குறைவாக வைக்க, முதல் இரண்டு லட்சம் பிரதிகளின் ராயல்டியைக் குழு விட்டுக்கொடுத்தது. ஏற்கெனவே கடனில் இருந்த குழு, கையில் வரவேண்டிய பணத்தைத் தானே வெட்டிக்கொண்டது. ரசிகன் பாக்கெட்டைப் பார்த்து விலை வைத்த குழு என்ற பெயர் அவர்களுக்குச் சும்மா வரவில்லை. அதற்கான ரசீது இந்த ஆல்பம்.

36 பாட்டும் ஒரே தரத்தில் இல்லை. முதலில் 'தி மேக்னிபிசென்ட் செவன்', 'சம்படி காட் மர்டர்ட்', 'வாஷிங்டன் புல்லட்ஸ்', 'போலீஸ் ஆன் மை பேக்' நான்கையும் கேளுங்கள். ஆறாவது பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள், அதில் பாதி டப் (பதிவான பாட்டைக் குரல் குறைத்து, எதிரொலி ஏற்றி மாற்றும் ரெகே முறை) பரிசோதனை.

நியூயார்க்கில் 17 கச்சேரி வாசித்த கதை என்ன?

1981 மே, டைம்ஸ் சதுக்கத்தில் இருந்த பாண்ட்ஸ் அரங்கில் எட்டு நிகழ்ச்சிகள் ஏற்பாடாகியிருந்தன. நடத்தியவர்கள் ஒரு நாளைக்கு 3,500 சீட்டு வரை விற்றுவிட்டார்கள், சட்டப்படி அனுமதி 1,750 பேருக்குத்தான். தீயணைப்புத் துறை தலையிட்டது. சீட்டு வாங்கிய எல்லோரும் பார்க்க வேண்டும் என்று குழு அதே சீட்டுகளுக்கு 17 நிகழ்ச்சிகள் நடத்தியது. மரியாதையான முடிவு, ஆனால் வருமானம் கூடவில்லை, வேலை மட்டும் இரட்டிப்பு. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷை முன்னால் வாசிக்க அழைத்தார்கள். ராப் பழகாத ராக் ரசிகர்கள் அவர்மீது பொருட்களை எறிந்தார்கள். ஜோன்ஸுக்கோ நியூயார்க்கின் ராப் இசை தலைக்கேறியது. குழுவுக்குள் விழுந்த முதல் விரிசல்களில் இதுவும் ஒன்று.

'காம்பட் ராக்' ஆல்பத்தின் மிக்ஸ் (பதிவுசெய்த ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் வேலை) பிரச்சினை எதைப் பற்றியது?

நீளத்தைப் பற்றி. ஜோன்ஸ் தன் கையால் மிக்ஸ் செய்தது இரட்டை ஆல்பத்துக்கான அளவு, நீண்ட ஆட்டப் பாட்டுகள். சுற்றுப்பயணத்தின் நடுவே ஆஸ்திரேலியாவில், இரவுக் கச்சேரி முடிந்த காதோடு மிக்ஸ் செய்யவும் முயன்றார்கள். அது நடக்காத காரியம். இரண்டு மணிநேரம் பேரொலியில் நின்ற காது உயர்ந்த சுரங்களைச் சரியாகக் கேட்காது, மறுநாள் கேட்டால் எல்லாம் கூர்மையாகத் தெரியும். கடைசியில் அனுபவசாலியான தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸிடம் கொடுத்தார்கள். அவர் 46 நிமிடத்துக்கு வெட்டினார். 1982 மே மாதம் 12 பாட்டுகளோடு வந்து, பிரிட்டனில் 2, அமெரிக்காவில் 7ஆம் இடம். வியாபாரப்படி ஜான்ஸ் செய்தது சரி. ஆனால் தன் மிக்ஸைக் குழுவே நிராகரித்ததை ஜோன்ஸ் மறக்கவில்லை.

'ராக் தி காஸ்பா' பாட்டின் கரு இங்கே சொல்ல வேண்டியது. ஸ்டுடியோவுக்கு மற்றவர்கள் வரத் தாமதமானபோது டிரம்ஸ், பியானோ, பாஸ் மூன்றையும் தனியாளாகப் பதிவுசெய்து வைத்தார் ஹெடன். பாட்டுகள் நீண்டுகொண்டே போவதைப் பார்த்த ரோட்ஸ் (1981இல் மேனேஜராகத் திரும்பியிருந்தார்), எல்லாமே ராகம் மாதிரி இவ்வளவு நீளமாகவா இருக்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். அந்த 'ராகம்' என்ற சொல் ஸ்ட்ரம்மர் மனதில் தங்கி, பாட்டின் முதல் வரிக்கே போய்விட்டது. அமெரிக்காவில் 8ஆம் இடம் பிடித்த பாட்டு அது.

அப்படியென்றால் ஹெடனை ஏன் நீக்கினார்கள்?

ஹெராயின். 1981 முழுவதும் மோசமாகிக்கொண்டே போனது. 1982 ஏப்ரலில் இன்னொரு குழப்பம். ஸ்காட்லாந்தில் சீட்டு மெதுவாக விற்றதால், விளம்பரத்துக்காகச் சில நாள் காணாமல் போ என்று ரோட்ஸ் ஸ்ட்ரம்மரிடம் சொன்னார். 1981இல் ஸ்ட்ரம்மரின் வற்புறுத்தலால்தான் ரோட்ஸ் திரும்பியிருந்தார். ஸ்ட்ரம்மர் போனார், ஆனால் யாரிடமும் சொல்லாமல் பாரிஸுக்கு. நாடகம் நிஜமாகிவிட்டது. சுற்றுப்பயணம் ரத்து. மே 20 அன்று நெதர்லாந்தின் லோகம் விழாவுக்குத் திரும்பி வந்து வாசித்தார். அடுத்த சில நாள்களில் ஹெடன் வெளியே.

பாட்டைக் கட்டியவர் ஹெடன், அது பிரபலமாகும்போது வீட்டில். டெக்சஸில் எடுத்த 'ராக் தி காஸ்பா' வீடியோவில் டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவர் திரும்பி வந்த டெரி சைம்ஸ். குழு உடையத் தொடங்கியது எப்போது என்று கேட்டால் நாங்கள் இந்த நாளைத்தான் சொல்வோம். ஜோன்ஸ் வெளியேறிய நாள் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. ஆனால் தாளம் போன பிறகு இந்தக் குழுவால் ஒரு புதிய பாணியைக்கூடத் தொட முடியவில்லை. ஹெடனை நீக்கிய பிறகு நாங்கள் மறுபடி நன்றாக வாசிக்கவே இல்லை என்ற பொருளில் ஸ்ட்ரம்மரும் பின்னாளில் வருந்திப் பேசியிருக்கிறார்.

மிக் ஜோன்ஸை நீக்கியது யார்?

ஸ்ட்ரம்மரும் சிமனனும், ரோட்ஸ் தூண்டுதலோடு. 1982 அக்டோபரில் நியூயார்க் ஷியா மைதானத்தில் தி ஹூ குழுவுக்கு முன்னால் வாசித்தார்கள். 1983 மே 28 அன்று கலிபோர்னியாவில், ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் நடத்திய யு.எஸ். விழாவில் ஐந்து லட்சம் டாலர் ஊதியத்துக்கு வாசித்தார்கள். பின்னால் 'தி கிளாஷ் விற்பனைக்கு அல்ல' என்ற பதாகை. சீட்டு விலையைக் காட்டி அமைப்பாளர்களோடு தகராறு, மேடையில் ஏறத் தாமதம், இறங்கும்போது காவலர்களோடு கைகலப்பு. அதுவே ஜோன்ஸின் கடைசிக் கச்சேரி. செப்டம்பரில் நீக்கினார்கள்.

காரணமாகச் சொன்னவை: ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறார், நட்சத்திரம் போல நடந்துகொள்கிறார், கிட்டாரை விட்டுவிட்டு சின்தசைசரிலும் ராப்பிலும் போகிறார். முதல் இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். மூன்றாவது குற்றமே இல்லை. அவர் பிறகு தொடங்கிய பிக் ஆடியோ டைனமைட் குழு அதே வழியில் போய் வெற்றி பெற்றது.

'கட் தி கிராப்' ஆல்பத்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

ஸ்ட்ரம்மர், சிமனனோடு நிக் ஷெப்பர்ட், வின்ஸ் வைட் என்ற இரண்டு புதிய கிட்டார் கலைஞர்களும் டிரம்மர் பீட் ஹோவர்டும் சேர்ந்தார்கள். இந்த ஐவர் மேடையில் மோசமில்லை. 1984 டிசம்பரில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்த நிதிக்காக பிரிக்ஸ்டனில் வாசித்தார்கள். 1985 மே மாதம் கையில் காசில்லாமல் கிளம்பி, ஊர் ஊராகத் தெருவில் வாசித்து, விழுந்த சில்லறையில் சாப்பிட்டார்கள். அந்த நாள்கள் அழகானவை.

ஸ்டுடியோவில் நடந்தது வேறு. தயாரிப்பாளர் பெயர் 'ஹோசே உனிடோஸ்' என்று இருக்கும், அது ரோட்ஸின் புனைபெயர். ஒரு டிரம்மர் கையில் இருக்கும்போதே டிரம் மெஷின் போட்டார். சிமனன் இருந்தும் பாஸில் பெரும்பகுதி நார்மன் வாட்ராய் வாசித்தது. மேலே கால்பந்து மைதானக் கூச்சல் போலக் கூட்டுக்குரல். ஜோன்ஸின் இசைக்கோர்ப்பு எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விதிவிலக்கு 'திஸ் இஸ் இங்கிலாந்து'. அது ஸ்ட்ரம்மரின் மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று, பிரிட்டனில் 24ஆம் இடம். கடைசிக் கச்சேரி 1985 ஆகஸ்ட் ஏதென்ஸில். ஆல்பம் நவம்பரில் வந்தது, சில வாரங்களில் எல்லாம் முடிந்தது.

மறுபடி சேர முயலவில்லையா?

1985இலேயே ஸ்ட்ரம்மர் பஹாமாஸ் வரை போய் ஜோன்ஸை அழைத்தார். அவரோ புதுக் குழுவின் முதல் ஆல்பத்தை முடித்திருந்தார், மறுத்துவிட்டார். ஆனால் நட்பு திரும்பியது. அடுத்த ஆண்டு ஜோன்ஸ் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் ஸ்ட்ரம்மர் கூடவே எழுதினார், தயாரித்தார்.

2002 நவம்பர் 15, மேற்கு லண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில், வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களுக்காக ஸ்ட்ரம்மர் தன் மெஸ்கலேரோஸ் குழுவோடு வாசித்தார். கூட்டத்தில் இருந்த ஜோன்ஸ் முன்னேற்பாடில்லாமல் மேடை ஏறிக் கிட்டார் எடுத்தார். 1983க்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில் வாசித்தது அன்றுதான். அடுத்த மாதம் 22 அன்று ஸ்ட்ரம்மர் வீட்டில் இறந்தார், வயது 50. பிறவியிலேயே இருந்து கண்டுபிடிக்கப்படாத இதயக் கோளாறு.

எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் வருவது கிளாஷ் இசையா?

ஆம். 'காம்பட் ராக்'கில் உள்ள 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் தொடக்க இசை. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய ஈழத்தமிழர். பாட்டு 2007இல் வந்த 'கலா' ஆல்பத்தில் உள்ளது, அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. பாடலாசிரியர் பட்டியலில் கிளாஷ் நால்வரின் பெயரும் உண்டு. மூலப் பாட்டு, போன இடத்தில் வேண்டாதவர்களாக நிற்கும் மனிதர்களைப் பற்றியது. எம்.ஐ.ஏ.வின் பாட்டும் குடிபெயர்ந்தவரை உலகம் சந்தேகத்தோடு பார்ப்பதைப் பற்றியது. பொருள் தெரிந்து எடுத்த இசைத்துண்டு என்றே கொள்ள வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அசலில் ஹெடனின் தாளம் எங்கே சறுக்கி நகர்கிறது என்று கவனியுங்கள்.

கிட்டாரில் அந்த ஒலி எப்படி வரும்?

பெரும்பாலோர் செய்யும் தவறு டிஸ்டார்ஷனை முழுதாகத் திருப்புவது. ஸ்ட்ரம்மர் வாசித்தது ஃபெண்டர் டெலிகாஸ்டர், மெல்லிய கரகரப்பு மட்டும். இடக்கைக்காரரான அவர் வலக்கைக்காரர் போலக் கிட்டார் பிடித்தார். நுணுக்கமான வேலை எதுவும் கிடையாது, வலக்கை முழுவேகத்தில் தாளம் மட்டும் போட்டது. தோல் கிழிந்து ரத்தம் வந்ததால் முன்கையில் டேப் சுற்றிக்கொள்வார்.

இப்படிச் செய்து பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆம்பில் கெயின் மூன்றுக்கு மேல் வேண்டாம், டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். காட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) அடித்தவுடன் இடக்கை விரலைத் தளர்த்தித் தந்தியை அடைத்துவிடுங்கள், ஒலி நீளக் கூடாது. இரண்டாவது கிட்டார் இருந்தால் அதே காடை அதே இடத்தில் வாசிக்க வேண்டாம், கழுத்தில் மேலே போய் இரண்டு மூன்று தந்தியில் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அது ஜோன்ஸ் வேலை, கிப்ஸன் லெஸ் பால் அவர் கருவி. பாஸைக் கிட்டாரைவிடச் சற்று உரக்க வையுங்கள். 'லண்டன் காலிங்' தொடக்கத்தில் கிட்டார் நான்கு அடியையும் சமமாக வெட்டும், டிரம்ஸும் கூடவே நடக்கும், பாஸ் மட்டும் மேலிருந்து இறங்கும். மூன்றையும் தனித்தனியாகப் பழகி, பிறகு மெதுவான வேகத்தில் சேருங்கள். சேர்ந்தவுடன் வேகம் தானாக ஏறப் பார்க்கும். அதை டிரம்மர்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.